வரிசையில் ஐந்தாவது

பிரிண்டர் மூன்று நான்கு வரிதான் அடித்திருக்கும். அதற்குள் என் கணவர் ஓடிவந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பாதி முகத்தில் சவர நுரை, தோளில் துண்டு. ஈரக்காலோடு ஹாலில் வழுக்கி, ஒரு கையால் மேசையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பிடுங்கினார். அந்த வேகத்தில் துண்டு நழுவி சுவரோரமாக விழுந்தது. வீட்டில் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னாச்சுங்க?"

"கருகுற வாசன வருது" என்றார்.

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சவர நுரையின் எலுமிச்சை வாசனையைத் தவிர ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் ஸ்பிரிட்டும் மோந்து பழகிய மூக்கு இது. எது கெட்டுப்போனாலும் பாட்டிலைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் கருகினால் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் விவாதம் பண்ண நேரமில்லை. மணி பத்தைத் தாண்டியிருந்தது.

அன்று சனிக்கிழமை. மருத்துவமனை அலுவலகத்தை ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் என் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுதான் கடைசி நாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போகிற தூரத்தில் எங்கள் மருத்துவமனை புதிய கிளை திறக்கிறது. அங்கே ஆய்வுக்கூடத்தின் முழுப் பொறுப்பையும் எனக்குத் தருவதாக எழுதியிருந்தார்கள். மூன்று வருஷம். தங்க அறை உண்டு, வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம். இதை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஊசி பிடிக்கக் கை நடுங்கிய புது டாக்டர்களுக்கெல்லாம் நரம்பைத் தேடிக் காட்டியவள் நான். பிறகு அவர்களிடமே "ரிப்போர்ட் ஏன் லேட்" என்று திட்டு வாங்கியவளும் நான்தான். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போனபோது கைதட்டிவிட்டு வந்து மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அப்படி வந்த வாய்ப்பு இது. அந்த ஒரு பக்கக் கடிதத்தை வியாழக்கிழமையே டைப் பண்ணி வைத்திருந்தேன். பேப்பர்தான் இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது கட்டாக வாங்கிக்கொண்டு வந்தேன். காலையில் சமையலை முடித்துவிட்டு, பேப்பரைத் தட்டில் வைத்து, பிரிண்ட் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"போய் மொகத்தக் கழுவுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நான் பாத்துச் சொல்றவரைக்கும் அதத் தொடாத. ஷார்ட் ஆயிடும்."

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்து மூன்று வருஷ அனுபவம். அடுக்குமாடிக் கட்டடங்களில் யாராவது நடுவழியில் மாட்டிக்கொண்டு கத்தினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தொழிலில் முதல் பாடம், முதலில் மின்சாரத்தை நிறுத்து, பிறகு மற்றதை யோசி. அந்தப் பாடத்தை அவர் வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வந்ததில்லை. மிக்ஸி சத்தம் மாறினால் பிளக்கைப் பிடுங்குவார். செய்தியில் யாராவது அவருக்குப் பிடிக்காததைப் பேசினால் டிவியின் பிளக்கைப் பிடுங்குவார், ரிமோட் மடியிலேயே இருக்கும். மகள் கம்ப்யூட்டரில் அதிக நேரம் உட்கார்ந்தால் அதற்கும் அதே வைத்தியம். நாங்கள் சிரிப்போம். "அப்பா கோபத்துல நம்ம பிளக்கையும் பிடுங்கிடுவாரு" என்று மகள் சொல்லுவாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் குளியலறைக் கதவைச் சாத்தியதும் நான் பிளக்கை மறுபடி செருகினேன். பிரிண்டர் முனகியது, இப்படியும் அப்படியும் ஒருமுறை அசைந்தது. உள்ளே மாட்டியிருந்த அரைகுறைத் தாளை வெளியே தள்ளியது. தூக்கிப் போடத்தான் எடுத்தேன். மேலே அனுப்புநர் என்று என் பெயர். பெறுநர் என்று எங்கள் மருத்துவமனை. சரி, என் கடிதம்தான். அதற்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். "தாங்கள் எனக்கு வழங்க முன்வந்துள்ள புதிய பொறுப்பினை நீண்ட யோசனைக்குப் பின்" என்று இருந்தது. அதற்குப் பிறகு வெள்ளை.

நான் அப்படி எழுதவில்லை. எனக்கு நீண்ட யோசனையே கிடையாது. அந்தப் பொறுப்பைத் தருகிறேன் என்று சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு அது வேண்டும். என் கடிதம் "மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்" என்று தொடங்கும். அந்த மகிழ்ச்சியுடன் என்ற சொல்லை வைக்கலாமா, எடுத்துவிடலாமா என்று மட்டும்தான் பத்து நிமிஷம் யோசித்தேன். வைத்துவிட்டேன்.

பிரிண்டர் அதற்குள் அடுத்த தாளை இழுத்து முதலிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. நான் குனிந்து, வரி வெளியே வர வர, தலைகீழாகவே படித்தேன். நீண்ட யோசனைக்குப் பின் பரிசீலித்ததில், எனது குடும்பச் சூழ்நிலை காரணமாகவும், மகளின் படிப்பை முன்னிட்டும், அண்மைக் காலமாக எனக்கு அடிக்கடி ஏற்படும் தலைசுற்றல் காரணமாகவும். குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. நுரை கழுவாத முகத்தோடு அவர் வந்தார். மறுபடி பிளக் அவர் கைக்குப் போனது.

இந்தத் தடவை கருகுகிற வாசனையைப் பற்றி அவர் பேசவில்லை.

"யாருக்குத் தலசுத்துது?" என்று கேட்டேன்.

அவர் பிளக்கின் மூன்று கால்களையும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கா தலசுத்துது? எனக்கு எப்பங்க தலசுத்துச்சு?"

"அது பழசு. சும்மா ஒருநாள் டைப் பண்ணிப் பாத்தேன். அன்னிக்கே கேன்சல் பண்ணிட்டேன்."

"எப்படிக் கேன்சல் பண்ணீங்க?"

"எப்படின்னா... பேப்பர் இல்லன்னு வெளக்கு எரிஞ்சுது. சரி வேணாம்னு பிளக்கப் பிடுங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கோபம் தலைக்கேறி நிற்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். அம்மாவிடம் அறை வாங்கியதெல்லாம் அதனால்தான். லிஃப்ட்டில் பத்துப் பேர் பத்து மாடிக்கு அழுத்தி வைத்திருக்கும்போது மின்சாரம் போய்த் திரும்ப வந்தால், அழுத்தியது எல்லாம் அழிந்துபோகும், பெட்டி பரம சாதுவாகக் கீழ்த்தளத்துக்கு வந்து நிற்கும், மறுபடி அழுத்தினால்தான் உண்டு. இதை அவர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார், கல்யாணமான புதிதில், பெருமையாக. பிரிண்டரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அது அடிக்க வேண்டியதைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பதும், பிரிண்டரின் பிளக்கை எத்தனை தடவை பிடுங்கினாலும் உயிர் வந்ததும் விட்ட இடத்தில் நிற்காமல் முதல் வரியிலிருந்து தொடங்கும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷ அனுபவம்.

சிரித்து முடித்ததும் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். என் பெயரில், எனக்குத் தெரியாமல், வேண்டாம் என்று ஒரு கடிதம். அதுவும் எப்படி? என்னை நோயாளியாக்கி. காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறேன், பல்வலியோடு போயிருக்கிறேன், மகள் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாசம்வரை நின்றுகொண்டே வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூடத் தலை சுற்றி உட்கார்ந்ததில்லை. தலை சுற்றுகிற பெண்பிள்ளைக்கு யாரும் ஆய்வுக்கூடத்தைத் தர மாட்டார்கள். இப்போது மட்டுமில்லை, எப்போதும். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து வந்தாள். பதினாறு வயது, விடுமுறை நாளில் பத்து மணிக்கு எழுந்த முகம். அப்பா கையில் பிளக், அம்மா கையில் ஓர் அரைகுறைத் தாள். "என்னம்மா, பிரிண்டர் ரிப்பேரா?" என்றாள்.

"இல்ல. நல்லாத்தான் வேலை செய்யுது" என்றேன். அவர் கையிலிருந்து பிளக்கை வாங்கிச் செருகினேன். தடுக்கவில்லை. ஆனால் தாள் பாதிக்குமேல் வந்ததும், "ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்" என்ற வரி வந்ததும், மறுபடி பாய்ந்து பிடுங்கினார்.

"அதான் படிச்சாச்சுல்ல. இன்னும் எதுக்கு? இங்க் வேஸ்ட்டு."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். திட்டி, அழுது, என் கடிதத்தை வெளியே கடையில் அடித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் இவர் எப்போது இங்க்கைப் பற்றிக் கவலைப்பட்டார்? வேலைக்கான பாதுகாப்புப் பட்டியலை வீட்டுப் பிரிண்டரில் வண்ணத்தில் அடித்துச் சமையலறையில் ஒட்டிவைத்தவர். முக்கால் பக்கம் வந்தாயிற்று. என்னை நோயாளியாக்கியதையும் படித்தாயிற்று, பொறுப்பை ஏற்க முடியாது என்று சொன்னதையும் படித்தாயிற்று. இதற்குமேல் மறைக்க அந்தக் கால் பக்கத்தில் என்ன இருக்கிறது? பரிசோதனைக் குழாயில் மேலே தெளிவாக நிற்பதைப் பார்த்து ஏமாறாதே, அடியில் படிவதைப் பார் என்று நான்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

"பிளக்கக் குடுங்க" என்றேன்.

"வேணாம்."

"குடுங்க."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடுத்துருங்கப்பா" என்றாள். அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்துபோன நுரையைக் கையால் வழித்தார். வழித்ததை எங்கே துடைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.

இந்தத் தடவை யாரும் ஓடிவரவில்லை. பிரிண்டர் அதன் போக்கில் அடித்தது. அனுப்புநர், பெறுநர், நீண்ட யோசனை, தலைசுற்றல், இயலாத நிலை, தகுதியான வேறொருவர், தங்கள் உண்மையுள்ள. அதற்குக் கீழே என் கையெழுத்து.

டைப் பண்ணிய பெயர் இல்லை. கையெழுத்து. நான் போடுகிற மாதிரியே முதல் எழுத்து பெரிதாக, நடுவில் ஒரு சுழி, கடைசியில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிற வால். தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு நொடி, கடவுள் சத்தியமாக, நான் எப்போது போட்டேன் என்றுதான் யோசித்தேன். என் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு ரிப்போர்ட் வெளியே போகாது. ஒரு நாளைக்கு எழுபது எண்பது போடுவேன். அதை நம்பித்தான் ஒருவருக்கு ரத்தம் ஏற்றுவார்கள், ஒருவருக்கு மருந்தை நிறுத்துவார்கள். பேனா கையில் இருக்கும்போது யாராவது பேசினால்கூட நான் நிறுத்திவிட்டு, பேச்சு முடிந்த பிறகுதான் போடுவேன். அந்தக் கையெழுத்து.

மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. "அம்மா" என்றாள். பிறகு விரலை நீட்டிக் கையெழுத்தின் வாலைத் தொட்டாள். வால் இரண்டாகப் பிளந்திருந்தது. "இது என் மார்க் கார்டுல நீ போட்டதும்மா. பேனா எழுதலன்னு ரெண்டு தடவ இழுத்தியே. பாரு, அடியில புள்ளிக் கோடுகூடத் தெரியுது." தெரிந்தது. கையெழுத்துக்குக் கீழே, வெட்டியது போக மீந்துபோன, பெற்றோர் என்று அச்சடித்த சொல்லின் தலைகள் மட்டும் வரிசையாக நின்றன.

"நான்தாம்மா ஸ்கேன் பண்ணிக் குடுத்தேன்" என்று அவள் சொன்னாள். "ஸ்கூல்ல கேக்குறாங்கன்னு அப்பா சொன்னாரு. நான்தான் அவரு மெயிலுக்கு அனுப்பினேன். எனக்குத் தெரியாதும்மா."

இந்த ஒன்றைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. என்னை ஏமாற்றியது போகட்டும். அந்தப் பெண்ணின் கையாலேயே எடுத்திருக்கிறார். அவள் கணக்கில் முதல் தடவையாக நல்ல மதிப்பெண் வாங்கிய கார்டு அது. கையெழுத்துப் போடும்போது நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் நின்று குதித்தோம்.

"என் கையெழுத்த நீ போட்டியா?" என்றேன்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரை நீ என்று சொல்லியிருந்தேன். அதை அவர் கவனித்தார், மகளும் கவனித்தாள். திரும்ப மரியாதையை எடுத்து ஒட்டவைக்க எனக்குத் தோன்றவில்லை.

"குடுக்கலயே. குடுத்தேனா?" என்றார் அவர். "கோவத்துல டைப் பண்ணேன். நீ போயிட்டா இங்க யாரு இருக்கா? எனக்கு எந்த நேரத்துல கூப்பிடுவான்னு தெரியாது. இவளுக்கு ஸ்கூல்ல கடைசி வருஷம். அந்த நேரத்துல அப்படித் தோணுச்சு, பண்ணிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. விட்டுட்டேன். விட்டதாலதான் இன்னிக்கு நீ போற."

"இதக் குடுத்திருந்தா அவங்க என்னக் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டாங்களா? அப்ப என்ன சொல்லியிருப்ப?"

"அதெல்லாம் யோசிக்கல."

அதுவும் உண்மைதான், அதெல்லாம் அவர் யோசித்திருக்க மாட்டார். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அந்த "மனசு கேக்கல" என்பதைச் சொன்னபோது, நாற்காலியில் நுரை காய்ந்த முகத்தோடு குறுகி உட்கார்ந்திருந்தபோது, எனக்குள் ஏதோ ஒன்று இறங்கி வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் அவர் மனசு மாறியது எனக்குத் தெரியும். மூன்று வாரமாக உர்ரென்று இருந்தவர், அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போயிட்டு வா. நாங்க பாத்துக்கறோம். நானும் இவளும் சமைக்கக் கத்துக்கறோம்" என்றார். நான் மடித்த துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த அன்பை நினைத்தால், இப்போது எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

பிரிண்டர் ஓயவில்லை. அடுத்த தாளை இழுத்து மறுபடி அனுப்புநர் என்று தொடங்கியது. "மறுபடியும் அதே வருதேம்மா. எத்தன காப்பி குடுத்திருக்காரு?" என்று சொல்லிக்கொண்டே மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூலையில் இருந்த சின்னப் பிரிண்டர் படத்தைத் தட்டி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவைத்தாள். காத்திருப்பவற்றின் வரிசை திரையில் திறந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்துக் காத்திருப்போர் பட்டியல் மாதிரியே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பெயர், பக்கம், கொடுத்த தேதி, நேரம். அடித்து முடித்த ஒன்று போக, நான்கு நின்றன. கடைசியில் நின்றது என்னுடையது, அன்று காலை பத்து ஐந்து. முதலிலிருந்து எண்ணினால் ஐந்தாவது. முன்னால் நின்ற மூன்றுக்கும் ஒரே பெயர்.

"மொதல்ல வந்ததும், இந்த ரெண்டும் ஒரே நாளு. ரெண்டு ரெண்டு நிமிஷ வித்தியாசத்துல அழுத்தியிருக்காரு" என்றாள். பேப்பர் இல்லை என்று தெரியாமல் மூன்று தடவை அழுத்தியிருக்கிறார். லிஃப்ட் வரவில்லை என்றால் எல்லோரும் செய்வதுதான். அவள் விரல் நான்காவதின்மேல் நின்றது. "இது மட்டும் வேற நாளு."

நான் குனிந்து பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு இருபது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்று. துணி மடித்த நாள்.

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு நான் இதே வீட்டில்தான் இருந்தேன். சமையலறையில் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்கூடப் பாடிக்கொண்டிருந்தேன். ஹாலில் அவர் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்து, பையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார், "வரும்போது மறக்காம பேப்பர் வாங்கிட்டு வா, பிரிண்டருக்கு." அன்றைக்கு நான் மறந்துவிட்டேன். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். புதன்கிழமை மறுபடி கேட்டார். வெள்ளிக்கிழமை காலை, "ஒரு கட்டு பேப்பர் வாங்க எத்தன தடவ சொல்றது" என்று கடிந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டு, அன்று சாயங்காலமே வாங்கி வந்தேன். வெளியே கடையில் அடிக்க அவரால் முடியாது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரருக்கு என் கையெழுத்தும் தெரியும், என் குரலும் தெரியும். பெரிய கடைக்கு எடுத்துக்கொண்டு போகவும் தைரியம் வந்திருக்காது. வீட்டில் பேப்பர் வர வேண்டும். அவராக வாங்கி வந்தால் எதற்கென்று நான் கேட்பேன், அதனால் அதை நான்தான் வாங்கி வர வேண்டும்.

என் மறதியைத்தான் இந்த வீட்டில் எல்லோரும் குறை சொல்வார்கள். அந்த மறதி இல்லாமல் போயிருந்தால் இன்று வேறு யாராவது அந்தப் பொறுப்பில் இருந்திருப்பார்கள். நான் தலைசுற்றல்காரியாக உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.

"திங்கக்கெழம எதுக்கு அழுத்தின?" என்று கேட்டேன்.

இதை அவர் கோபத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஏழு இருபதுக்கு அவர் கோபமாக இல்லை, சாந்தமாக இருந்தார், பையை எடுத்துக் கொடுத்தார். கையிலிருந்த நுரை தண்ணீராகி மணிக்கட்டில் வழிந்தது. நான் காத்திருந்தேன். ஏதாவது ஒன்று, ஒரு பொய்யாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கருகுகிற வாசனை என்று அவ்வளவு சீக்கிரம் சொன்னவர்தானே.

"அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுடு" என்றார் கடைசியில்.

"கிழிக்க மாட்டேன்" என்றேன். முழுதாக வந்த அந்த ஒரு தாளை நான்காக மடித்துக் கைப்பையின் உள்பக்க ஜிப்பில் வைத்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. யாரிடம் காட்டப் போகிறேன்? ஆனால் கிழித்துவிட்டால், நாலு நாள் கழித்து அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அவர் நம்பிவிடுவார். அவரைப் பார்த்து நானும் நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மணி பத்தே முக்கால். மகள் மவுஸைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "எல்லாத்தையும் மொத்தமா அழிச்சிடலாம்மா. ஆனா உன்னோடதும் போயிடும், திரும்பக் குடுக்கணும்."

"வேணாம். ஒவ்வொண்ணா அழி."

ஓடி நின்றதை அழித்தாள். நிச்சயமாக ரத்து செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம். அடுத்தது. நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. ஆம். நான்காவது வந்தபோது அவள் கையை எடுத்துவிட்டு நாற்காலியை நகர்த்தினாள். நான் குனிந்து, திங்கட்கிழமை காலை ஏழு இருபதை நானே அழுத்தினேன். இந்த இயந்திரத்துக்கு இருக்கிற நாகரிகம், நிச்சயமாகவா என்று கேட்கிற ஒரு நாகரிகம், அந்த வீட்டில் என்னிடம் வேறு யாரும் காட்டவில்லை. ஆம் என்று அழுத்தினேன். வரிசையில் என்னுடையது மட்டும் நின்றது. மகள் நிறுத்திவைத்ததை விடுவித்தாள். பிரிண்டர் உள்ளே மாட்டியிருந்த தாளை வெளியே துப்பிவிட்டு, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு யோசித்தது. அது தயாராக ஒரு நிமிஷமாவது ஆகும்.

அப்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து சுவர்ப்பக்கமாக நடந்து வந்தார்.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டே எட்டில் போய் சுவிட்ச் போர்டை மறைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பிளக்கைப் பிடித்துக்கொண்டேன். ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் சட்டென்று நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கீழே போனது, என் காலடிக்கு. அவருடைய துண்டு அங்கே கிடந்தது. முதல் தடவை பிடுங்கியபோது தோளிலிருந்து விழுந்த துண்டு. முகம் துடைக்க அதைத்தான் எடுக்க வந்திருக்கிறார்.

"துண்டு" என்றார் மெதுவாக.

நான் நகரவில்லை. துண்டுக்காகத்தான் வந்தார் என்று எனக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது, இருந்தும் என்னால் நகர முடியவில்லை. மகள் எழுந்து வந்து, என் காலடியில் குனிந்து துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் துடைக்கவில்லை.

பிரிண்டர் ஒரு தாளை இழுத்தது. சுவிட்சின் முனை முதுகெலும்பில் குத்தியது. நான் நின்ற இடத்திலிருந்து தாள் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. ஒவ்வொரு வரியாகப் போய்ப் போய்த் திரும்பியது. என் பெயர் வந்திருக்கும், மகிழ்ச்சியுடன் வந்திருக்கும், தங்கள் உண்மையுள்ள வந்திருக்கும். பிறகு சத்தம் நின்று, கீழே நான் கையெழுத்துப் போடுவதற்காக விட்டிருந்த வெற்றிடம் வரிகளே இல்லாமல் சரசரவென்று உருண்டு வெளியே வந்தது. தாள் தட்டில் விழுந்தது. பிளக்கைப் பிடித்திருந்த கைகளை நான் அப்போதும் எடுக்கவில்லை.